கல்லானாலும் மரமானாலும் தேய்ப்பதில் இருக்கு சூட்சுமம்! — தளவானூர் குகைக் கோயில் கற்றுத் தரும் பாடம்

செஞ்சிக் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறுவார்கள். கல்யாண மகாலைப் பார்ப்பார்கள். பஸ் பிடித்துத் திரும்பி விடுவார்கள்.

அதே செஞ்சி வட்டாரத்தில் தளவானூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்கு அருகே பஞ்சபாண்டவ மலை என்று ஒரு குன்று. அதன் தெற்கு முகத்தில் பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில். சத்ருமல்லேசுவரம் என்பது அதன் பெயர்.

கட்டிய கோயில் அல்ல, குடைந்த கோயில். செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. வாசலின் இரு பக்கமும் துவாரபாலகர்கள். தூண்களுக்கு மேலே மகர தோரணம். கூரை விளிம்பில் கூடுகள். அந்தக் கூடுகளுக்குள் மனித முகங்கள். எல்லாமே ஒரே பாறை!

முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து வேலை இது. கி.பி. 7-ம் நூற்றாண்டின் முற்பகுதி. கணக்குப் போட்டால் சுமார் 1,400 வருஷம்.

மிஷின் கிடையாது. கரண்ட் கிடையாது. உப்புத்தாள் கிடையாது. உளியும் சுத்தியும் மனிதன் கையும்தான். ஆனாலும் தூணின் பட்டைகள் நூல் பிடித்தது போல நேராக நிற்கின்றன. எப்படி?

கட்டம் கட்டமாக...

பல்லவர்கள் பாறையை எப்படிக் குடைந்தார்கள் என்பதை அறிய வேறு எங்கும் தேட வேண்டாம். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குகைகள் இருக்கின்றன. முடிந்த வேலை ரகசியத்தை மறைத்து விடும். முடியாத வேலை அதைக் காட்டிக் கொடுத்து விடும்!

முதலில் பாறை முகத்தைச் சமப்படுத்தி அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். கோட்டின் மேலேயே உளியால் பள்ளம் எடுத்தார்கள். நடுவில் புடைத்து நிற்கும் கட்டிகளைத் தட்டி உடைத்தார்கள். அந்த அடுக்கு போனதும் மறுபடியும் கோடு, மறுபடியும் பள்ளம். இப்படியே அங்குலம் அங்குலமாக உள்ளே போனார்கள்.

தூண் வர வேண்டிய இடத்தில் மட்டும் கல்லை விட்டுவைத்தார்கள். அதை முதலில் சதுரமாக்கி, நடுப்பகுதியில் மூலையைச் சீவி எட்டுப் பட்டையாக்கினார்கள். மகேந்திரன் காலத்துத் தூணுக்கு அதுதான் அடையாளம். கீழே சதுரம், நடுவே எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம்.

கடைசியில்தான் நுணுக்க வேலை. பெரிய உளி போய்ச் சின்ன உளி வரும். ஓங்கி அடித்த கை இப்போது தட்டும். பெரிய உளி விட்ட காயத்தைச் சின்ன உளி ஆற்ற வேண்டும்.

இந்த ஒரு வரிதான் தேய்ப்பு வேலையின் மொத்தப் பாடமும்! கருங்கல்லுக்கும் இதுதான் விதி. வீட்டுக் கதவுக்கும் இதுதான் விதி.

ஏன் கண்ணாடி போல் தேய்க்கவில்லை?

இவ்வளவு பாடுபட்டவர்கள் சுவரைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி இருக்கலாமே என்று தோன்றும். அந்த வித்தை பாரதத்துக்குப் புதிதல்ல. பீகாரில் பராபர் குன்றுகளில் அசோகர் காலத்துக் குகைகள் இருக்கின்றன. ஆசீவகத் துறவிகளுக்காகக் குடைந்தவை. உள்ளே போனால் கருங்கல் சுவர் கண்ணாடி போல் மின்னும். அங்கேயே லோமச ரிஷி குகையில் வேலை பாதியில் நின்று விட்டது. பளபளப்பான இடமும் உளி பட்ட இடமும் ஒரே குகையில் தெரிகின்றன.

பல்லவர்கள் அந்த வழியில் போகவில்லை. அவர்கள் வழக்கம் வேறு. கல்லின் மேல் மெல்லிய சாந்து பூசி, அதன் மேல் வர்ணம் தீட்டுவது. தளவானூர் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில் பனைமலை இருக்கிறது. அங்கே ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலில் பார்வதியின் ஓவியம் இன்றும் மிச்சம் இருக்கிறது. அது கல்லின் மேல் பூசிய சாந்தின் மீது தீட்டிய ஓவியம்.

சாந்து பிடிக்க வேண்டுமானால் சுவரில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் பொட்டு ஒட்டுமா? அதே கதைதான். பெயிண்ட் வேலைக்காரர்கள் பளபளப்பான பழைய கதவை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து விட்டுத்தான் புது வர்ணம் பூசுவார்கள். வழவழப்பாக்க அல்ல, பிடிப்பு உண்டாக்க!

ஆகவே எவ்வளவு தேய்ப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி.

நிறுத்தத் தெரியாவிட்டால்...

நிறுத்தத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டுக் கோயில்கள் சில அந்தக் கொடுமையைப் பார்த்து விட்டன.

தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்து மூடிய கல் சுவர்களைச் சுத்தம் செய்ய ஒரு சுலப வழி வந்தது. மணல் வீச்சு! குழாய் வழியே காற்றோடு மணலைப் பீய்ச்சி அடிப்பது. இரும்புத் துருவை எடுக்கக் கப்பல் பட்டறையில் செய்கிற வேலை. சுவர் ஒரே நாளில் பளிச்சென்று ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஆனந்தம்.

ஆனால் மணலுக்கு எது அழுக்கு, எது சிற்பம் என்று தெரியுமா? சுண்ணாம்பும் போகும். சிற்பத்தின் கண்ணிமையும் போகும். கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போகும். கருங்கல்லில் கெட்டியான மணிகளும் உண்டு, மெதுவான மணிகளும் உண்டு. மெதுவானது முதலில் உதிரும். வழவழப்பாக இருந்த கல் அம்மை வடு விழுந்தது போல் ஆகிவிடும். அதன் பிறகு மழையும் வெயிலும் உள்ளே புகுந்து விளையாடும்.

தளவானூர் குகையில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. சத்ருமல்லன் என்ற பெயர் கொண்ட நரேந்திரன் இந்த மலையில் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்று அது சொல்கிறது. தமிழ்க் கல்வெட்டும் உண்டு. கோயிலைக் குடைந்தவன் யார் என்று நமக்குத் தெரிவதே அந்த எழுத்துக்களால்தான். அவை போனால் அந்தச் சாட்சி போச்சு!

இந்தக் குகை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அறநிலையத்துறைக் கோயில்களில் மணல் வீச்சு கூடாது என்று தடை வந்துவிட்டது. தமிழகக் கோயில்களின் நிலை பற்றி யுனெஸ்கோ குழு ஒன்று ஆராய்ந்து 2017-ம் ஆண்டு அறிக்கை தந்தது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகள் பிறப்பித்தது குறிப்பிடத்தக்கது.

தடை காகிதத்தில் இருந்தால் போதாது. திருப்பணி நடக்கும் இடத்தில் கம்ப்ரசர் சத்தம் கேட்டால், "என்ன செய்யறீங்க?" என்று கேட்க ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

உலகம் சுற்றிய தமிழ்ச் சொல்

சரி, கல்லைத் தேய்க்கக் கல்லை விடக் கடினமான பொருள் வேண்டுமே?

வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இயற்கைக் கல் குருந்தக் கல். கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10 மார்க் என்றால் குருந்தத்துக்கு 9. கருங்கல்லில் உள்ள கெட்டி மணிக்கு 7 தான். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் உயர் ஜாதி. அழுக்கு நிறத்தில் கிடைப்பது சாணைக்கு. சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் இது கிடைக்கும்.

இந்தக் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் 'கொரண்டம்' ஆக்கினான். இன்று உலகம் பூராவும் புவியியல் புத்தகங்களில் அதுதான் பெயர்!

கதை அதோடு முடியவில்லை. 1891-ல் அமெரிக்காவில் அச்சீசன் என்பவர் மின்சார உலையில் ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று முதலில் நினைத்து, அதற்குக் 'கார்போரண்டம்' என்று பேர் வைத்தார். பிறகுதான் அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது என்று தெரிய வந்தது. ஆனால் பேர் நின்று விட்டது. அமெரிக்காவில் வைத்த பெயரில் பாதி தமிழ்!

சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி திருவொற்றியூரில் இருக்கிறது. உப்புத்தாளும் சாணைச் சக்கரமும் அங்கே தயாரானவை.

உப்புத்தாள் வருவதற்கு முன்னால் நம் தச்சர்கள் என்ன செய்தார்கள்? பராய் மரத்து இலையைப் பறித்தார்கள்! அந்த இலை தொட்டாலே சுரசுரவென்று இருக்கும். மரத்துக்கும் தந்தத்துக்கும் மெருகேற்ற அதுதான். திருச்சி பக்கம் திருப்பராய்த்துறை என்று ஒரு ஸ்தலம் இருக்கிறதே, அங்கே தல விருட்சம் இந்தப் பராய் மரம்தான்.

கதவு தேய்க்கப் போகிறீர்களா?

பொங்கல் வருகிறது, கதவுக்கு வார்னிஷ் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆளைக் கூப்பிட்டால் கூலி எகிறுகிறது, நாமே செய்வோம் என்று உப்புத்தாள் வாங்குபவர்களும் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

தாளின் முதுகில் நம்பர் போட்டிருக்கும். நம்பர் சிறிதானால் மணி பெரிது. நம்பர் பெரிதானால் மணி பொடி. மணியைச் சலிக்கும் சல்லடையின் கண் கணக்கில் வந்த நம்பர் இது. 60, 80 முரட்டுத்தாள். 120, 150 நடுத்தரம். 220 நைஸ். 320, 400 எல்லாம் வார்னிஷ் பூச்சுக்கு இடையே லேசாகத் தடவ.

வரிசையாகப் போக வேண்டும். 80-ல் தேய்த்து விட்டு நேரே 220-க்குத் தாவினால் முரட்டுத்தாள் போட்ட கோடு போகாது. அப்போது கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் பட்டதும் பூனைப் பிறாண்டல் மாதிரி பல்லைக் காட்டும்! நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மடங்கு வேலை.

மரத்தின் நார் ஓடுகிற திக்கிலேயே தேய்க்க வேண்டும். பட்டறையில் சேர்ந்த பையனுக்கு ஆசாரி சொல்லும் முதல் பாடமே, "குறுக்கே தேய்க்காதேடா, நாரோட போ" என்பதுதான். குறுக்கே போட்ட கோடு சாமானியத்தில் மறையாது.

தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுத்திய இடம் பள்ளமாகும். ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிப் பிடித்தால் மட்டம் வரும். வளைவான கால், கைப்பிடிக்கு மட்டும் தாளை மடித்துக் கையால்.

ரொம்பவும் அழுத்தக் கூடாது. மணிதான் வெட்ட வேண்டும், தோள் அல்ல. தாளில் தூள் அடைத்துக் கொண்டால் தட்டி உதற வேண்டும். மழுங்கிய தாளோடு மல்லுக்கட்டுவது கஞ்சத்தனமே தவிர சிக்கனம் அல்ல.

பிளைவுட்டில் உஷார்! மேலே ஒட்டியிருக்கும் தேக்கு வெனீர் காகிதம் போல மெல்லிசு. இரண்டு தேய் கூடினால் அடியில் உள்ள மட்ட மரம் எட்டிப் பார்க்கும். அதற்கு மருந்தே கிடையாது. அங்கே முரட்டுத்தாள் ஆகவே ஆகாது. மூலை, விளிம்புகளிலும் கை அடங்க வேண்டும். இல்லாவிட்டால் கூர்மையான விளிம்பு வாழைப்பழம் மாதிரி உருண்டு போகும்.

220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காய விடுங்கள். படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். மறுபடி அதே தாளால் லேசாகத் தடவினால் போதும். பிறகு வார்னிஷ் அடித்தால் மேடு கட்டாது.

முடிந்ததா என்று எப்படிப் பார்ப்பது? டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மேடு பள்ளம் நிழல் கட்டும். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். கண் ஏமாறும், கை ஏமாறாது.

பழைய பெயிண்டில் பதுங்கிய விஷம்

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தாத்தா காலத்துக் கதவு, ஜன்னல், தொட்டில், மர நாற்காலி — இவற்றின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட்?

சுவரோடு இருக்கும் வரை அது சும்மா இருக்கும். காய்ந்த நிலையில் தேய்த்தால் பொடியாகிக் காற்றில் பறக்கும். தரையில் படியும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது டாக்டர்கள் முடிவாகச் சொல்லி விட்ட விஷயம்.

ஆகவே பழைய பெயிண்டை உலர்ந்த தாளால் தேய்க்கவே வேண்டாம். கறுப்பு நிறத்தில் வாட்டர் பேப்பர் கிடைக்கிறது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. 1921-ல் அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனி கொண்டுவந்த சரக்கு இது. தூசியை அடக்குவது இதன் பெரிய பலன். கார் டிங்கரிங் பட்டறையில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

வேலை நடக்கும் அறையில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக் கூடாது. தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி பறக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

வழவழப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

வீட்டில் ஒரு நாள் தேய்ப்பவர் கதை இது. வாழ்நாள் பூராவும் தேய்ப்பவர் கதி?

கருங்கல்லிலும் மணலிலும் இருப்பது சிலிக்கா. மிஷின் சக்கரம் வைத்து உலர்ந்த கல்லை அறுத்தாலும் தேய்த்தாலும் அது மாவாகப் பறக்கும். கண்ணில் விழும் தூசி பெரிசு; துடைத்தால் போய்விடும். கண்ணுக்கே தெரியாத நுண்தூசிதான் எமன். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. மூக்கு அதைத் தடுக்காது. நேரே நுரையீரலின் அடியில் போய் உட்காரும்.

அது போட்ட வடுவால் நுரையீரல் கெட்டிப்படும். இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷம் கழித்துத்தான் மூச்சு வாங்கத் தொடங்கும். காச நோய் வருவதற்கும் வழி திறந்து விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று 1997-லேயே அறிவித்தது. மரத்தூளையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

துருக்கியில் நடந்ததைக் கேளுங்கள். ஜீன்ஸ் பேண்ட் வெளுத்தாற்போல இருந்தால்தான் பேஷன் என்று ஒரு காலம் வந்தது. அப்படி வெளுக்க வைக்கத் துணியின் மேல் மணலைப் பீய்ச்சினார்கள். அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்த வாலிபர்கள் சில வருஷத்துக்குள்ளேயே சிலிகோசிசில் விழுந்தார்கள். உயிர்கள் போன பிறகு, 2009-ல் அந்த அரசு ஜீன்சுக்கு மணல் வீசுவதைத் தடை செய்தது. வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவதற்குப் பிரிட்டனில் 1949-லேயே தடை விதி வந்து விட்டது. அறுபது வருஷம் முன்னால் ஒரு நாடு கற்ற பாடத்தை இன்னொரு நாடு பிணங்களை எண்ணிக் கற்றது!

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் இன்றும் ஓயவில்லை. 1957-ல் அங்கே தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி மையம் இன்று கல்லூரி. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெருமைதான். அந்தப் பெருமையைச் செதுக்குகிறவரின் நெஞ்சும் தெளிவாக இருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற காரியம் அல்ல. கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால், தேய்த்தால் தூசி பெருமளவு அடங்கும். திறந்த வெளியில், காற்று ஆளை விட்டு விலகிப் போகும் பக்கமாக நின்று செய்ய வேண்டும். தூசியை உறிஞ்சும் குழாய் வைத்த மிஷின் வந்திருக்கிறது. கைக்குட்டை கட்டினால் போதும் என்பது சுத்த ஏமாற்று. நுண்தூசிக்குக் கைக்குட்டை திறந்த கதவு. கொரோனா காலத்தில் எல்லோரும் தெரிந்துகொண்ட என்-95 முகமூடி, அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் பயன்.

வீட்டுக்கு டைல்ஸ் அறுக்க, கிரானைட் மேடைக்கு விளிம்பு தேய்க்க ஆள் வருகிறார். வெள்ளைப் புகைக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்க்கிறார். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் விடுகிறார்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நல்ல முகமூடியும் எடுத்துக் கொடுத்தால் ஆகும் செலவு எவ்வளவு? மேடை எப்படியும் வழவழவென்று வந்துவிடும். அதைத் தேய்த்துக் கொடுத்தவர் இன்னும் இருபது வருஷம் மூச்சு முட்டாமல் மாடி ஏற வேண்டும் அல்லவா?